தொகை எழுதாத வரி

வாப்பா மவுத்தாகிப் பத்தாவது மாதம் அவருடைய அலுமாரியில் கறையான் ஏறிவிட்டது. சாமான்களையெல்லாம் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அடித்தட்டின் மூலையில் ஒரு பொட்டலம் கையில் தட்டுப்பட்டது. மேலே பூப்போட்ட சீத்தைத் துண்டு. அதைப் பிரித்தால் எண்ணெய் ஊறிய கடதாசி. கடதாசிக்குள் ஓர் இரும்புச் சாமான்.

நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளமான ஒரு குழாய். அதன் ஒரு முனையில் நான்கு பற்கள், ஒன்றுக்கொன்று சம தூரத்தில், சின்னக் கோட்டை மதில் போல. மறுமுனைக்குக் கொஞ்சம் கீழே குறுக்காக ஒரு துளை, இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வருகிறது. துளை இருந்த பக்கத்து விளிம்பை யாரோ அரத்தால் வழித்து, கையை உறுத்தாதபடி மழுக்கியிருந்தார்கள். பெயர் இல்லை, இலக்கம் இல்லை, கம்பனி முத்திரை இல்லை. கடையில் வாங்கியதல்ல, யாரோ ஒருவர் கையால் செய்தது என்பது மட்டும் பார்த்தவுடனே விளங்கியது.

உம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

“எனத்தயோ இரும்புச் சாமான் மகன். நோம்புக்கு முந்தி வீடு கழுவக்குள்ள வாப்பா அத எடுத்து எண்ணெ போட்டுத் தொடச்சி வெப்பார். எனத்துக்கு எண்டு நான் கேக்கல்ல.”

ஒவ்வொரு வருடமும் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தார் என்றால் அது வேண்டாத சாமானாக இருக்க முடியாது. ஆனால் நாற்பத்தைந்து வயது கடந்த நான் அதை ஒரு தடவையும் கண்டதில்லை. வாப்பா பொட்டணி வியாபாரி. யட்டியாந்தோட்டையைச் சுற்றியிருக்கிற தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் லயம் லயமாக ஏறிச் சேலையும் சீத்தையும் கடனுக்குக் கொடுத்து, சம்பள நாளில் போய்த் தவணை வாங்குவார். முதலில் கால்நடை. பிறகு ஒரு மோட்டார் சைக்கிள். 1996இல் முழங்கால் நோவினால் அந்த மோட்டார் சைக்கிளை விற்றார். விற்றபோது ஸ்பேனர், டயர் நெம்பி, காற்றடிக்கும் பம்பி என்று எல்லாவற்றையும் அதோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார். அன்று அந்தச் சாமான்களைப் பையில் போட்டுக் கட்டியவன் நான்தான். ஆகவே இந்த இரும்புக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தொடர்பிருக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

*

இதை ஒரு பொழுதுபோக்காக நான் தேடத் தொடங்கவில்லை. அதற்குக் காரணம் வாப்பாவின் வஸிய்யத்.

மவுத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்னர் வாப்பா என்னைக் கூப்பிட்டுக் கணக்குக் கொப்பிகளை ஒப்படைத்தார். எல்லாம் அரபுத்தமிழ். வாப்பாவின் பள்ளிக்கூடப் படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. குர்ஆன் பள்ளியில் கற்ற எழுத்தை வைத்தே தமிழில் கணக்கு எழுதினார். “எனக்கு வர வேண்டியத விட்டுடுங்கோ மகன். நான் கொடுக்க வேண்டியதத் தேடிக் கொடுங்கோ” என்றார். கொடுக்க வேண்டியவை கடைசிக் கொப்பியின் பின்பக்கத்தில் இருந்தன. மொத்தமே ஐந்து வரிகள். ஜனாஸா அன்று பள்ளி முற்றத்தில் நின்று, வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால் எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்று கேட்டேன். யாரும் வரவில்லை. அந்த ஐந்தில் நான்கை அந்த வருடமே கொடுத்து முடித்தேன். ஐந்தாவதில் தொகையே இல்லை. ஆளும் ஊரில் இல்லை. அதை உம்மாவின் சொல்லை வைத்து ஓர் ஊகத்தில் முடித்து, கொப்பியை மூடிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கணக்கெல்லாம் தீர்ந்தது என்று மனம் ஆறியிருந்த வேளையில்தான் இந்தப் பொட்டலம் வந்தது. விற்ற சாமான்களோடு சேர்க்காமல், எங்கள் கண்ணிலும் படாமல் இருபத்தேழு வருடம் ஒருவர் ஒரு பொருளை வைத்துப் பேணினால் அது யாருடைய பொருள்? இரவலா? அமானத்தா? திருப்பிக் கொடுக்க வேண்டியதென்றால் யாருக்கு? அது என்னவென்று தெரியாமல் யாரிடம் போய்க் கேட்பது?

கட்டாரில் இருக்கும் தம்பிக்கு வீடியோ அழைப்பில் காட்டினேன். “தண்ணி வால்வு தொறக்கிற சாவி நாநா” என்றான். அவன் வேலை செய்வது தண்ணீர்க் குழாய் பதிக்கும் கம்பனியில். பள்ளியின் பின்திண்ணையில் அஸர் தொழுகைக்குப் பிறகு கூடுகிற முதியவர்களிடம் காட்டினேன். அவர்களில் மூத்தவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “கோச்சி றோட்டுச் சாமான்” என்றார். களனிப் பள்ளத்தாக்கின் சின்னத் தண்டவாளம் ஒருகாலத்தில் யட்டியாந்தோட்டை வரை வந்தது. 1942இல் யுத்த காலத்தில் அவிசாவளைக்கு இப்பாலிருந்த பாதை மூடப்பட்டது. தண்டவாளத்தைக் கழற்றியபோது ஊராரின் கையில் அகப்பட்ட ஆணியும் நட்டும் இன்றும் சில வீடுகளில் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடக்கின்றன. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் கோச்சிச் சாமானை வாப்பா ஏன் சீத்தைத் துண்டில் சுற்றி வைக்க வேண்டும்?

எங்கள் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர், மண் மாதிரி தோண்டி எடுக்கிற கருவி என்றார். ஆய்வுகூடத்து வேணியர் இடுக்கிமானியால் அளந்தும் தந்தார். பல்லிருந்த முனையின் வெளிவிட்டம் 24 மில்லிமீட்டர், உள்விட்டம் 20. “அளவு துல்லியமாக இருக்கிறது, ஏதோ ஒன்றுக்குள் பொருந்துவதற்காகச் செய்திருக்கிறார்கள்” என்று ஒரு வார்த்தையையும் சேர்த்துச் சொன்னார். அந்த வார்த்தைதான் பிறகு உதவியது.

ஊரில் ஓய்வுபெற்றிருக்கும் டீமேக்கர் ஐயா ஒருவர் இருக்கிறார். அவர் என்ன சாமான் என்று சொல்லவில்லை. எங்கே செய்தது என்று சொன்னார். குழாயின் உட்பக்கத்தை ஜன்னலுக்கு நேரே பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னார். உள்ளே மெல்லிய கோடுகள் சுருள் சுருளாக ஓடின. “இது குழாய் இல்லை மாஸ்டர். முழு இரும்பைக் கடைசல் மெசினில் மாட்டித் துளைத்தது. அந்தக் காலத்தில் கடைசல் மெசின் எங்கே இருந்தது? தோட்டத்து ஸ்டோரில்தான் இருந்தது” என்றார். தேயிலைத் தொழிற்சாலையை இந்தப் பக்கத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். உருட்டும் மெசினோ, அடுப்பு விசிறியோ உடைந்தால் கொழும்பிலிருந்து சாமான் வரும்வரை கொழுந்து காத்திருக்காது. ஆகவே ஒவ்வொரு ஸ்டோரிலும் ஒரு சின்னப் பட்டறையும், ஒரு பிட்டரும் இருந்தார்கள்.

*

நான் தமிழ் படிப்பிக்கிற வாத்தியார். கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த பாடங்களில் மறக்காதது ஒன்று உண்டு. ஒரு பொருளைப் பிள்ளைகளின் கையில் கொடு, நீ வாயை மூடிக்கொள். தரம் எட்டில் ஒரு நாள் கட்டுரைப் பாடத்துக்கு அந்த இரும்பைக் கொண்டுபோய், இது என்ன என்று எழுதச் சொன்னேன்.

ராசாவின் முடி என்று ஒருவன். சில்லறை எண்ணுகிற கருவி என்று ஒருத்தி. பால் வெட்டுகிற குடும்பத்துப் பிள்ளை ஒன்று, ரப்பர் மரத்தில் பட்டை எவ்வளவு தடிப்பு என்று பார்க்கிற சாமான் என்று எழுதியது. அவரவர் வீட்டில் என்ன தொழிலோ அதை அந்த இரும்பில் கண்டார்கள். பெரியவர்களும் அதைத்தானே செய்திருந்தார்கள்.

கடைசி வாங்கில் ஒரு பையன் இருந்தான். எழுத்து வராது. அவன் எழுதாமல் எழுந்து வெளியே போய், குழாயடியில் ஈரக் களிமண் ஒரு பிடி எடுத்து வந்தான். மேசையில் தட்டையாக்கி, இரும்பின் பல்முனையை அதில் அழுத்தி எடுத்தான். களிமண்ணில் வட்டமாக நான்கு பள்ளங்கள் விழுந்தன.

“சேர், இது போற எடத்த அல்லவா தேடணும்” என்றான். “நாலு வெட்டு இருக்கிற வட்டம் ஒண்டு எங்கயாவது இருக்கணும்.”

நான் சாவியை வைத்துக்கொண்டு சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பூட்டைத் தேடச் சொன்னான். அதோடு நிற்கவுமில்லை. அவனுடைய மாமா பழைய ஹொண்டா ஒன்றைத் திருத்தி ஓடுகிறாராம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் என்று ஆனபோது, கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய சின்ன ஹொண்டாக்களுக்குத் திரும்ப உயிர் வந்தது. மாமாவின் ஹொண்டாவைப் பாஸ் ஒருவர் கழற்றியபோது இப்படியொரு வட்ட நட்டைக் கண்டதாக அவன் சொன்னான்.

“எந்தப் பாஸ்?”

“கரவனெல்லப் பக்கத்துப் பாஸ் சேர். கெழவர்.”

*

அந்தச் சனிக்கிழமை லுஹருக்குப் பிறகு போனேன். றோட்டோரத்தில் தகரம் வேய்ந்த கராஜ். சிங்களவர், எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. வேலையை மகன் பார்க்கிறார். இவர் வாங்கில் இருந்து வெற்றிலை மென்றபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பொட்டலத்தைப் பிரித்து அவருடைய கையில் வைத்தேன். அவர் கண்ணால் பார்க்கவேயில்லை. கட்டைவிரலால் நான்கு பற்களையும் ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு மழுக்கிய விளிம்பை உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். எழுந்து உள்ளே போனார். வாளி, டயர், தகரம் எல்லாம் உருளும் சத்தம் கேட்டது. எண்ணெய் படிந்த ஒரு பாதி என்ஜினைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

“ஹொண்டா நைன்டி” என்றார்.

வலது பக்க மூடி இல்லாத என்ஜின். உள்ளே கைப்பிடி அளவில் ஒரு வட்ட உருளை. அதன் முகத்தில் இருந்த மூடியை ஸ்குரூ கழற்றி எடுத்தார். நடுவில் ஒரு நட் தெரிந்தது. நாம் பார்க்கிற ஆறு பக்க நட் அல்ல. வழுவழுவென்ற வட்டம். அதன் விளிம்பில் நான்கு வெட்டுகள். எங்கள் பையனின் களிமண் இரும்பாகி அங்கே இருந்தது.

கருவியை அதன் மேல் வைத்து மெல்லத் திருப்பினார். ‘டக்’ என்று உட்கார்ந்தது. குறுக்குத் துளையில் ஒரு கம்பியைச் செருகி, இடது உள்ளங்கையால் குழாயின் தலையை அழுத்திக்கொண்டு வலது கையால் கம்பியைச் சுற்றினார். விளிம்பை ஏன் மழுக்கியிருக்கிறது என்று அப்போதுதான் விளங்கியது. அழுத்தாமல் சுற்றினால் பல் நழுவும். அழுத்துகிற கை நோகக் கூடாது என்று செய்தவர் நினைத்திருக்கிறார்.

பிறகு பாஸ் எனக்குப் பாடம் நடத்தினார். அவர் சிங்களத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். ஹொண்டா கம்பனி இந்தச் சின்ன வண்டிக் குடும்பத்தின் முதல் பிள்ளையை 1958இல் வெளியிட்டது. 2017இல் பத்துக் கோடியாவது வண்டி வெளிவந்தது என்பதை நான் பிறகு வாசித்தேன். இந்த வண்டியில் கையால் பிடிக்கிற கிளச் லீவர் கிடையாது. என்ஜின் வேகமாகச் சுற்றும்போது கிளச் தானாகவே பிடித்துக்கொள்ளும். அந்தக் கிளச்சின் முகத்து மூடியே எண்ணெயைச் சுத்தப்படுத்தும் வேலையையும் செய்கிறது. எண்ணெயோடு வரும் கசடு சுற்றுகிற வேகத்தில் ஓரத்துக்கு ஒதுங்கிக் கறுப்புக் களியாகப் படிந்துவிடும். தட்டையான றோட்டில் ஓடுபவனுக்குக் கிளச் பிளேட் பல வருடம் கிடக்கும். தோட்டத்து மலையில், பின்னால் இரண்டு பொட்டணி கட்டி, முதல் கியரில் ஏறுபவனுக்கு அது சீக்கிரம் தேய்ந்துபோகும். பிளேட்டை மாற்ற வேண்டுமென்றால் கிளச்சை முழுதாகக் கழற்ற வேண்டும். கழற்ற வேண்டுமென்றால் இந்த வட்ட நட்டைத் திறக்க வேண்டும். அதைத் திறக்கும் சாவியைக் கம்பனி தன் ஏஜன்டுகளுக்காகத்தான் செய்தது. கிராமத்துக் கராஜ்களுக்கு அது வந்து சேரவில்லை.

“அப்போ நீங்கள் எப்படிக் கழற்றினீர்கள்?”

“உளியும் சுத்தியலும்.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். “உங்கள் வாப்பாவின் நட்டுக்கு உளி வைத்தவன் நான்தான் மாத்தயா.”

1981 அல்லது 82. வாப்பாவின் ஹொண்டா மலையேற மறுத்தது. பாஸ் அப்போது இளந்தாரி. மூடியைத் திறந்து, உளியை வெட்டில் வைத்து அடித்து அடித்து நட்டைக் கழற்றிவிட்டார். ஆனால் நட் சிதைந்துபோனது. வாப்பா ஏசவில்லை. கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் புதிய நட் ஒன்று வாங்கி வந்தார். “இதுக்கு உளி வெக்காதீங்கோ” என்று சொல்லிவிட்டு, நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு நடந்து ஏறிவிட்டாராம். அங்கே ஸ்டோரில் ஒரு பிட்டர் இருந்தார், தமிழர்.

“முதலில் தண்ணீர்க் குழாயில் ஒன்று செய்து அனுப்பினார். அளவெல்லாம் சரி. ஆனால் இரும்பு மெது. இறுக்கும்போது என் கையில்தான் பல் மடங்கியது. முதலாளி அதை எடுத்துக்கொண்டு திரும்பவும் மலையேறினார். அடுத்த கிழமை இது வந்தது.”

மகனிடமிருந்து ஓர் அரத்தை வாங்கிக் குழாயின் நடுவில் ஒரு தரம் இழுத்தார். அரம் பிடித்தது, இரும்புத் தூள் உதிர்ந்தது. அதே அரத்தைப் பல்லின் மேல் இழுத்தார். கண்ணாடியில் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு போயிற்று. “கேட்டதா சத்தம்? பழைய எஃகுத் தண்டில் கடைந்து, பல்லை மட்டும் நெருப்பில் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்திருக்கிறார். பிறகு திரும்பக் கொஞ்சம் சூடு காட்டி முறுக்கைத் தணித்திருக்கிறார், இல்லாவிட்டால் பல் தெறித்துவிடும். எங்களில் யாருக்கும் அன்று இது தெரியாது.”

அதன் பிறகு அந்தக் கருவி வாப்பாவின் வீட்டில் இருந்த நாட்கள் குறைவாம். அந்தக் காலத்தில் தோட்டத்துக் கண்டக்டர்மாரும், தபால்காரரும், மீன் வியாபாரிகளும் ஓடியது இந்த ஹொண்டாதான். கரவனெல்லையிலிருந்தும் தெரணியகலையிலிருந்தும் கித்துல்கலையிலிருந்தும் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். வாப்பா ஒரு சதம் வாங்கவில்லை. பாஸ் ஒரு முறை விலைக்குக் கேட்டாராம். “இது எண்ட சாமான் இல்ல பாஸ். செஞ்சவருக்கு இன்னம் கூலி கொடுக்கல்ல. கூலி கொடுக்காத சாமான எப்படி விக்கிறது?” என்றாராம்.

“உங்கள் வாப்பா இதற்குத் தமிழில் ஒரு பெயர் சொல்வார். எங்களுக்கும் அதே பெயர்தான். ‘குலல்’ வந்ததா, ‘குலல்’ எங்கே என்று கேட்போம்.”

குழல். எனக்குத் தலையில் யாரோ தட்டியது போலிருந்தது.

*

ஐந்தாவது வரியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? அந்த வரி இதுதான்.

‘ஸ்டோர் பிட்டர் அண்ணன். குழல் 2. கூலி’

கூலிக்குப் பக்கத்தில் தொகை இல்லை. ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருந்தார். சென்ற வருடம் அதை வாசித்துக் காட்டியபோது உம்மா, “அந்த அண்ணண்ட பொஞ்சாதி மூங்கில்ல புட்டுக் குழல் செஞ்சி தந்தா மகன், அதுவா இரிக்கும்” என்றார். நானும் அப்படியே நம்பி, இரண்டு புட்டுக் குழலுக்கு இன்றைய விலையைக் கணக்கிட்டு, பள்ளி ஸதகாப் பெட்டியில் போட்டுவிட்டு, வாப்பாவின் கடன் முடிந்தது என்று நிம்மதியாக நித்திரை கொண்டேன்.

அன்று மஃரிபுக்குப் பிறகு கொப்பியை மறுபடி எடுத்து அந்த ஒரு வரியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ‘குழல் 2’. அலுமாரியில் இருந்தது ஒன்றுதான். மற்றது மடங்கிப்போனது. ஒரு நாளும் பயன்படாத அந்த முதல் குழலுக்கும் வாப்பா கூலி எழுதியிருந்தார்.

பிட்டரின் பெயரைத் தேடி முன்பக்கங்களைப் புரட்டினேன். சேலை இரண்டு, சீத்தை ஆறு யார், 185 ரூபா. அதன் மேல் குறுக்குக் கோடு. பக்கத்தில் ‘வந்தது’. உம்மாவிடம் அதைக் கேட்டபோதுதான் மீதிக் கதை வந்தது.

1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்து மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 300,000 பேரை இங்கே என்றும் பங்கு பிரித்தது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். மனிதரைப் பங்கு போட்ட அந்தக் கணக்கில் பிட்டரின் குடும்பம் இந்தியப் பக்கத்தில் விழுந்திருந்தது. கடவுச்சீட்டு வந்த பிறகும் போகாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். 1983 ஜூலைக்குப் பிறகு இருக்க மனம் வரவில்லை. 1984 தொடக்கத்தில் புறப்பட்டார்கள். தலைமன்னாருக்குப் போகிற புகையிரதத்தை மலையகத்தில் அழுகைக் கோச்சி என்று சொல்வார்கள். அந்த வருடத்தோடு தலைமன்னார்க் கப்பலும் நின்றுவிட்டது.

போவதற்கு முந்தின நாள் இரவு பிட்டரும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்களாம். கையில் 185 ரூபா.

“வாப்பா வாங்க மாட்டன் எண்டார். ‘நீங்க குழலுக்குக் கூலி வாங்கல்லயே அண்ணன், இதோட அது சரி’ எண்டார். அந்த மனிசன் கேக்கல்ல. ‘அது வேலைங்களா நானா? ரெண்டு ஞாயித்துக்கெழம சும்மா இருந்த நேரத்துல செஞ்சது. சேலைக் கடன் வேற. கடனோட கடல் தாண்டக் கூடாதுங்க நானா’ எண்டு காச வாங்கில வெச்சிட்டு எறங்கிப் போய்ட்டார். வாப்பா பின்னால பாலம் மட்டும் போனார். திரும்பி வந்து வெளக்க வெச்சிக்கொண்டு கொப்பில எனத்தயோ எழுதினார். நான் தேத்தண்ணி ஊத்திக் கொடுத்தன், குடிக்கல்ல.”

“இதை ஏன் உம்மா முதலே சொல்லவில்லை?”

“நீங்க குழல் எண்டுதானே கேட்டீங்க. குழல் எண்டா எனக்குப் புட்டுக் குழல்தான் தெரியும்.”

உம்மாவைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? நானும் அதைத்தான் கண்டேன். வாத்தியாராக இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்குச் சொல்லின் பொருள் சொல்லிக்கொடுக்கிறேன். என் வாப்பா எழுதிய ஒரு வரியில் ஐந்து சொல். அதில் ஒன்றுக்குப் பொருள் தெரியாமல், தெரிந்ததாக நினைத்து, அவருடைய கடனைப் பெட்டியில் போட்டு முடித்திருக்கிறேன்.

*

மௌலவியிடம் போனேன். ஆள் இருக்கிற இடம் தெரியவில்லை, தொகையும் தெரியவில்லை என்றேன். முதலில் தேடிப் பாருங்கள் என்றார். முடியாவிட்டால் நியாயமான ஒரு கூலியை அவர் சார்பில் ஏழைகளுக்குக் கொடுங்கள், பிறகு அவரோ அவருடைய பிள்ளைகளோ வந்து தங்கள் ஹக்கைக் கேட்டால் அப்போது கொடுக்கத்தான் வேண்டும், ஏற்கெனவே கொடுத்துவிட்டோம் என்று சொல்ல முடியாது என்றார்.

தேடினேன். டீமேக்கர் ஐயாவுக்குப் பிட்டரை நினைவிருந்தது. போன ஊர் நினைவில்லை. போனவர்களில் பலர் நீலகிரியில் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது. இப்போது உயிரோடிருந்தால் அவருக்குத் தொண்ணூறுக்குக் கிட்ட இருக்கும்.

நியாயமான கூலி எவ்வளவு? பாஸிடம் திரும்பப் போய்க் கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தார். “இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு நாள் கூலி. அவர் ஓய்வு நாளில் செய்தது என்றால் இரட்டிப்பு. ஆனால் மாத்தயா, இந்தக் குலல் எத்தனை கிளச்சைத் திறந்திருக்கும்? அதை நான் எண்ணவில்லை, உங்கள் வாப்பாவும் எண்ணவில்லை.” வாப்பா ஏன் தொகை எழுதாமல் கோடு மட்டும் இழுத்தார் என்பதும் எனக்கு அப்போது ஓரளவு விளங்கியது.

இன்றைய கடைசல் வேலைக்காரனின் நான்கு நாள் கூலியைக் கணக்கிட்டு, பிட்டர் வேலை செய்த தோட்டத்தின் லயம் ஒன்றில், காற்றுக்குத் தகரம் பறந்துபோன ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். கொப்பியில் கோட்டுக்கு மேல் அந்தத் தொகையை எழுதினேன். பேனாவால் அல்ல, பென்சிலால். நீலகிரியிலிருந்து யாராவது வந்தால் அழித்துவிட்டு மறுபடி கணக்குப் பார்க்க வேண்டுமே. எனக்குப் பிறகு அந்தக் கொப்பியைப் பார்க்கப் போகிற என் மகளுக்கு அரபுத்தமிழ் வாசிக்க வராது. ஆகவே வரிக்குக் கீழே தமிழ் எழுத்தில் விளக்கமாக எழுதி வைத்தேன்: ‘குழல் என்பது புட்டுக் குழல் அல்ல. ஹொண்டா 90 மோட்டார் சைக்கிளின் கிளச் நட் திறக்கும் கருவி. பல் நான்கு. வெளிவிட்டம் 24 மி.மீ. இரண்டு செய்யப்பட்டது. ஒன்று மடங்கியது.’

பாஸ் குழலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. இப்போது இதெல்லாம் புதிதாக வாங்கலாமாம். கொழும்பில் விற்கிறார்களாம். அவருடைய மகனிடமும் ஒன்று இருக்கிறது, சீனாவில் செய்தது, பளபளவென்று. “ஆனால் அதன் விளிம்பு கையை வெட்டுகிறது” என்று மகன் சொன்னார்.

அடுத்த கிழமை களிமண் பையனின் மாமா வீட்டுக்கு வந்தார். ஹொண்டா மலையேற மறுக்கிறதாம், கிளச் பிளேட் மாற்ற வேண்டுமாம், பாஸ் அனுப்பினாராம். உம்மா உள்ளே போய்ப் பொட்டலத்தை எடுத்து வந்து கொடுத்தார். எப்போது திருப்பித் தருவீர்கள் என்று கேட்க என் வாய் வரை வந்தது. உம்மா என்னைப் பார்த்தார். நான் கேட்கவில்லை.

அது போய் இன்றைக்குப் பதினேழு நாள். இதை எழுதும்போது குழல் எங்கள் வீட்டில் இல்லை.